கீழாநெல்லி முதல் தடுப்பூசி வரை: கல்லீரல் புற்றைப் பரப்பும் புரதங்கள்

தென்காசி வட்டாரத்துப் பண்பொழியின் வயல் வரப்புகளில் சாரல் காலத்தில் தானாக முளைக்கும் செடிகளுள் கீழாநெல்லியும் ஒன்று. இலைகளின் அடியில் சின்னஞ்சிறு நெல்லிக்காய்களைப் போலக் காய்கள் வரிசையாகத் தொங்கும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் இந்தச் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம்.

இதே செடி 1980களில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கைக்குப் போனது. அங்கே அதன் பலனை அளக்க அவர்கள் நோயாளியின் கண்ணைப் பார்க்கவில்லை. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வைரஸ் புரதத்தைத் தேடினார்கள். கல்லீரல் புற்றுநோயைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம் அது. இந்த நோய் தோன்றுவதற்கும், இருந்த இடத்தை விட்டு நகர்வதற்கும், நுரையீரல்வரை போய்க் குடியேறுவதற்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு புரதம் பொறுப்பேற்கிறது. அந்தப் புரதங்களுள் நம்மால் மிக எளிதாகவும் மிகக் குறைந்த செலவிலும் தடுக்கக்கூடியவை வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் வைரஸ் புரதங்களே. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

சென்னையில் அளந்த புரதம்

அமெரிக்க மருத்துவர் பாரூக் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்ட விநோதமான புரதத்தைப் பற்றி 1965இல் எழுதினார். அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதமே அது என்பது பின்னர் தெளிவானது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28ஐத்தான் உலகம் இன்று ஹெபடைடிஸ் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழுவும், பிலடெல்பியாவில் பிளம்பெர்க், வெங்கடேஸ்வரன் ஆகியோரும் சேர்ந்து செய்த கீழாநெல்லி ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளியானது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது.

ஆனால் 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் இதே செடியைச் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை, வளர்ந்த மண், பறித்த பருவம், தயாரித்த முறை என்று பல காரணங்களைப் பற்றி விவாதம் நடந்தது. ஒன்று உறுதி: கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி வைரஸை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்றும் சேரவில்லை. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையம் எலிகளில் நடத்திய ஆய்வில், கல்லீரல் கட்டி உண்டாக்கப்பட்ட எலிகளின் ஆயுளைக் கீழாநெல்லிச் சாறு நீட்டித்தது. ஆய்வைத் தொடர அது நல்ல காரணம். மனிதரின் புற்றுக்கு அதை மருந்தாகக் கொள்ளப் போதுமானதன்று.

ஊரில் கீழாநெல்லி குடித்தவர்கள் குணமானது பொய்யா என்று கேட்கலாம். பொய்யன்று. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். செடியைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கண் தெளியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்களில் பலருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் அந்த வைரஸ் அமைதியாகக் கல்லீரலில் வேலை செய்துகொண்டிருக்கும். மஞ்சளை மட்டும் பார்க்கும் வைத்தியத்தின் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள்.

வைரஸ் எழுதும் முதல் வரி

ஹெபடைடிஸ் பி வைரஸ் மிகச் சிறியது. அதன் மரபுப்பொருளில் சுமார் 3,200 எழுத்துகளே உள்ளன. அந்தச் சிறு இடத்திலிருந்து அது உண்டாக்கும் புரதங்களுள் ஒன்றுக்கு, என்ன வேலை செய்கிறது என்று தொடக்கத்தில் தெரியாததால், எச்பிஎக்ஸ் என்று பெயரிட்டார்கள். 154 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம் அது.

வைரஸின் மரபுப்பொருளைச் செயல்படவிடாமல் அடக்கிவைக்க நம் செல்களில் ஒரு காவல் அமைப்பு உண்டு. எஸ்எம்சி5/6 என்று அதற்குப் பெயர். எச்பிஎக்ஸ் புரதம் செல்லின் சொந்தக் கழிவகற்றும் பொறியமைப்பை வளைத்துப் பிடித்து, அந்தக் காவலையே சிதைக்கவைக்கிறது என்று 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காவல் விழுந்ததும் வைரஸ் தன் போக்கில் பெருகுகிறது. அதன் மரபுத் துண்டுகள் மனித குரோமோசோம்களுக்குள்ளும் போய்ச் செருகிக்கொள்கின்றன. கல்லீரல் செல்கள் அழிவதும், மீண்டும் முளைப்பதும், தழும்பு விழுவதுமாக ஆண்டுகள் ஓடுகின்றன. சிரோசிஸ் என்னும் இறுகிய கல்லீரல் உருவாகிறது. அந்த இறுக்கத்தில்தான் பெரும்பாலான புற்றுகள் பிறக்கின்றன.

எச்பிஎக்ஸ் புற்று தோன்றுவதோடு நின்றுவிடுவதில்லை. செல்களைப் பிணைத்துவைக்கும் புரதத்தின் மரபணுவை அது அடைத்துவிடுவதும், சுற்றுத் திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கூட்டுவதும் ஆய்வகச் செல்களில் காட்டப்பட்டுள்ளன. பரவலுக்கான முதல் தயாரிப்பும் அங்கிருந்தே தொடங்குகிறது என்று பொருள்.

பிணைப்பு அறும் விதம்

ஆரோக்கியமான கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. செங்கற்களுக்கு இடையே பூசிய சாந்தைப் போல அவற்றைப் பிடித்துவைப்பது இ-கேதரின் என்னும் புரதம். கால்சியம் இருந்தால்தான் இது வேலை செய்யும். கேதரின்களைக் கண்டறிந்து 1980களில் பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர் மசதோஷி தகெய்ச்சி. இ-கேதரினின் ஒரு முனை செல்லுக்கு வெளியே அண்டைச் செல்லின் இ-கேதரினைப் பற்றியிருக்கும். மறுமுனை செல்லுக்குள்ளே பீட்டா-கேட்டனின் என்னும் இன்னொரு புரதத்தைப் பிடித்திருக்கும்.

புற்று பரவத் தொடங்கும்போது ஸ்நெயில், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் செல்லின் கருவுக்குள் பெருகுகின்றன. இவை இ-கேதரினை உண்டாக்கும் மரபணுவின் மீது அமர்ந்து அதை அணைத்துவைக்கின்றன. பிணைப்பு குறைகிறது. பிடி விட்ட பீட்டா-கேட்டனின் செல் கருவுக்குள் நுழைந்தால், பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை இயக்கவும் கூடும். அதே நேரத்தில் விமென்டின் என்னும் இழைப் புரதம் செல்லுக்குள் நிறைகிறது. பலகோண வடிவில் ஓரிடத்தில் நின்ற செல் நீண்டு, மெலிந்து, ஊர்ந்து போகும் தன்மையைப் பெறுகிறது. கருவில் குழந்தையின் உறுப்புகள் உருவாகும்போது செல்கள் இடம்பெயரப் பயன்படும் பழைய திறன்தான் இது. புற்று அதைத் தவறான வயதில் தவறான இடத்தில் எழுப்பிவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் தூண்டுவதில் டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் நடத்தை ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. நோயின் தொடக்கத்தில் அது செல் பெருக்கத்தை அடக்குகிறது. செல்களைத் தற்கொலைக்கும் தூண்டுகிறது. நோய் முற்றியபின், அடங்க மறுத்துப் பிழைத்த செல்களை அதே புரதம் ஊர்ந்து போகத் தூண்டுகிறது. ஆகவே ஒரு புரதத்தை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. எந்தக் கட்டத்தில், எந்தச் செல்லில், எவற்றின் நடுவே அது இருக்கிறது என்பதுதான் அதன் விளைவைத் தீர்மானிக்கிறது. புற்றுநோய் மருந்துகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வழி வெட்டும் நொதிகள்

பிணைப்பு அறுந்த செல்லுக்கு முன்னால் தடைகள் இருக்கின்றன. கட்டியைச் சுற்றி நார் உறை இருக்கலாம். ரத்தக் குழாய்களின் சுவரில் கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தால் ஆன அடிச்சவ்வு இருக்கிறது. இவற்றைக் கரைப்பவை எம்எம்பி எனப்படும் நொதிகள். நொதிகளும் புரதங்களே. துத்தநாக அணு ஒன்றைத் தம் மையத்தில் வைத்துக்கொண்டு கொலாஜனை வெட்டுகின்றன. எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகிய இரண்டும் கல்லீரல் புற்றின் பரவலோடு அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன.

வெட்டும் நொதியைத் தடுத்தால் பரவல் நின்றுவிடும் என்ற எண்ணம் நியாயமானது. 1990களில் அந்த எண்ணத்தில் மாரிமஸ்டாட் போன்ற மருந்துகள் பலவகைப் புற்றுநோய்களில் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் வரவில்லை. மூட்டுகளிலும் தசைகளிலும் கடுமையான வலி வந்தது. காயம் ஆறுவது முதல் எலும்பு புதுப்பிக்கப்படுவது வரை இந்த நொதிக் குடும்பம் உடலுக்கு அன்றாடம் தேவை. எல்லாவற்றையும் ஒருசேர அடைத்தால் உடல் தாங்காது. அத்துடன், நோயாளிகள் சோதனைக்கு வந்தபோது பெரும்பாலோருக்குப் புற்று ஏற்கெனவே பரவிவிட்டிருந்தது. பரவிய பிறகு துரத்துவதைவிடப் பரவாமல் காப்பது எவ்வளவு மேல் என்பதற்கு இந்தத் தோல்வியும் ஒரு சான்று.

கல்லீரலின் வரமே அதற்கு வினையாகும்போது

ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்து தன் அளவை நிரப்பிக்கொள்ளும் உள்ளுறுப்பு கல்லீரல். உறவினருக்குத் தன் கல்லீரலின் ஒரு பகுதியைத் தானம் தருகிறவர் நலமாக வாழ்வது இந்தத் திறனால்தான். இதை முன்னின்று நடத்துவது எச்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிப் புரதம். அது செல்லின் மேற்பரப்பில் உள்ள மெட் என்னும் ஏற்பியைத் தொட்டதும் செல் பெருகவும் நகரவும் தொடங்குகிறது. செல்களைச் சிதறடிக்கும் காரணி என்று ஒரு குழுவும், கல்லீரலை வளர்க்கும் காரணி என்று இன்னொரு குழுவும் தனித்தனியே ஆராய்ந்துவந்த இரண்டும் ஒரே புரதம்தான் என்பது 1991 வாக்கில் தெரிந்தது. கல்லீரலுக்கு மறுவாழ்வு தரும் அந்தச் சமிக்ஞையையே புற்றுச் செல்கள் இடம்பெயரப் பயன்படுத்திக்கொள்கின்றன.

வளரும் கட்டிக்கு ரத்தம் வேண்டும். ஆரோக்கியமான கல்லீரல் தன் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்டல் சிரையின் வழியே பெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பியிருக்கிறது. விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரந்து புதிய ரத்தக் குழாய்களைத் தன்னை நோக்கி வரவழைக்கிறது. அவசரத்தில் உருவாகும் அந்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. உணவு உள்ளே வரும் அதே குழாய்கள் செல்கள் வெளியேறவும் வழியாகின்றன.

கல்லீரல் புற்று முதலில் பரவுவது பெரும்பாலும் கல்லீரலுக்குள்ளேதான். போர்டல் சிரையின் கிளைகளுக்குள் நுழைந்து, அதே உறுப்பின் வேறு பகுதிகளில் புதுக் கட்டிகளை உண்டாக்குகிறது. வெளியே போகும்போது நுரையீரலை அடைவதே அதிகம். அடுத்து நிணநீர்க் கணுக்கள், எலும்புகள், அட்ரினல் சுரப்பிகள். இந்தப் பயணத்துக்கு முன்பே அதன் அடையாளம் தெரியுமா என்று ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்களும் தேடினார்கள். ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிகளின் கட்டிகளில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஒப்பிட்டார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், பரவிய புற்றைத் தனித்துக் காட்டியவற்றுள் முன்னின்றது ஆஸ்டியோபான்டின் என்னும் புரதம். அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது ஆய்வகச் செல்களின் ஊடுருவல் குறைந்தது. எலிகளின் நுரையீரலுக்குப் புற்று பரவுவதும் தடைப்பட்டது. பரவும் குணம் முதற்கட்டியிலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

சிகிச்சையிலும் பரவல்தான் எல்லைக்கோடு. மாற்றுக் கல்லீரல் பொருத்தத் தகுதியானவர் யார் என்பதற்கு 1996இல் இத்தாலியின் மிலான் நகரில் வகுத்த விதி இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்க்குள் ஊடுருவல் கூடாது, கல்லீரலுக்கு வெளியே பரவியிருக்கவும் கூடாது. கட்டியின் அளவு ஒருபுறம் இருக்க, குழாய்க்குள் நுழைந்துவிட்ட செல்கள் அந்த வாய்ப்பை மூடிவிடுகின்றன.

புரதங்களைத் தாக்கும் மருந்துகள்

முற்றிய கல்லீரல் புற்றில் ஆயுளை நீட்டிக்கும் என்று நிறுவப்பட்ட முதல் மாத்திரை சோராஃபெனிப். விஇஜிஎஃப் ஏற்பி உட்படப் பல சமிக்ஞைப் புரதங்களை அது அடைக்கிறது. 2008இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 7.9 மாதங்களிலிருந்து 10.7 மாதங்களாகக் கூடியது. இந்தியாவில் அதை விற்ற பேயர் நிறுவனம் ஒரு மாத மருந்துக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விலை வைத்தது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், காப்புரிமையாளரின் சம்மதம் இன்றியே மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கினார். மாத விலை 8,800 ரூபாய் என்று வரம்பு கட்டினார். இந்தியா வழங்கிய முதல் கட்டாய உரிமம் அது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கிலும் அது நிலைத்தது. ஒரு புரதத்தைப் பற்றிய அறிவு ஏழை நோயாளியைச் சென்றடைய அறிவியலோடு சட்டமும் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

அதன்பின் மெட் ஏற்பியையும் சேர்த்து அடைக்கும் கேபோசான்டினிப் வந்தது. 2020இல், விஇஜிஎஃப் புரதத்தைப் பிடிக்கும் பெவாசிசுமாப் என்னும் எதிர்ப்பொருளும், நோயெதிர்ப்புச் செல்களைச் செயலிழக்கவைக்கும் பிடி-எல்1 புரதத்தை அடைக்கும் அடெசோலிசுமாப்பும் சேர்ந்து சோராஃபெனிபைவிட நல்ல பலன் தந்தன. ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தோர் விகிதம் 54.6 விழுக்காட்டிலிருந்து 67.2 ஆக உயர்ந்தது. உண்மையான முன்னேற்றம்தான். ஆனாலும் இந்த எண்கள் ஓராண்டைப் பற்றியவை. முற்றிய நோயில் நாம் இன்னும் மாதங்களையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே தடுக்க வேண்டும்

2022இல் உலகில் சுமார் 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்று கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு அருகருகே இருப்பதே நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. சீனத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

சென்னையில் கீழாநெல்லியின் பலனை அளக்கத் தேடிய அதே மேலுறைப் புரதம்தான் இன்று ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஈஸ்ட் செல்களில் அந்தப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கி, ஊசியில் அடைக்கிறார்கள். வைரஸ் இல்லை, தொற்று இல்லை; உடல் மட்டும் எதிரியை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் இதை உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்ட பிறகு விலை பெரிதும் குறைந்தது. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசு இதை இலவசமாகப் போடுகிறது.

பலன் இருக்குமா என்பதற்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தைவான் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையிலானவர்களில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று, 1990-94இல் 0.36 ஆகக் குறைந்தது. மனிதருக்கு வரும் ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் குறைக்க முடியும் என்று காட்டிய முதல் சான்று இதுவே. கேதரினும் எம்எம்பியும் மெட்டும் விஇஜிஎஃப்பும் வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தக் குழந்தைகளிடம் நோயின் வழி அடைபட்டுவிட்டது.

காலம் இங்கே மிக முக்கியம். பிறக்கும்போது தாயிடமிருந்து வைரஸைப் பெறும் குழந்தைகளில் 90 விழுக்காட்டினருக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடுகிறது. பெரியவர்களானபின் பெறுபவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்பது விதி. 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் அதைத் தொடர்ந்து வர வேண்டும்.

வைரஸ் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மதுவும், நீரிழிவோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்புக் கல்லீரலும் இன்று பெருகிவரும் காரணங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு சேர்கிறது. சிதைந்த மரபணுக்களோடு செல்கள் பெருகாமல் காக்கும் பி53 புரதத்தின் 249ஆம் இடத்தை அந்த நச்சு குறிப்பாகத் தாக்குவது 1991இல் தெரியவந்தது. சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும் தென்காசி வட்டாரத்தில் கடலையை நன்றாக உலர்த்திச் சேமிப்பதும், பூஞ்சை கண்டதைத் தயங்காமல் கொட்டிவிடுவதும் புற்றுநோய்த் தடுப்பே ஆகும்.

இனி வாசகர் செய்ய வேண்டியது. குடும்பத்தில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருந்தால், வீட்டார் அனைவரும் மேலுறைப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்தால் அஞ்சி ஒளிக்க வேண்டாம். கூட இருந்து உண்பதால் இது பரவாது, யாரையும் ஒதுக்கவும் வேண்டாம். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் இறுகியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்து, புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் ரத்தப் புரதத்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். புற்று பரவும் முன்பே அதைக் காண இதுவே வழி. பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணும் உடன் செல்பவரும் பிறந்த குழந்தைக்கு முதல் நாளே இந்த ஊசி போடப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழாநெல்லி நம் வரப்பில் வளரட்டும், நம் ஆய்வகங்கள் அதைத் தொடர்ந்து ஆராயட்டும். ஆனால் பிறக்கும் குழந்தைக்கு இன்று நிச்சயமான காவல் அந்த முதல் நாள் ஊசிதான்.